என் வாயும் அவர் கட்டைவிரலும்

மார்ச் 3, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலையாகக் குளியலறைக் கண்ணாடி முன் நின்று "ஆஃப்" என்று சொல்லிப் பார்த்தேன். தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி வந்தது. இன்னொரு முறை சொன்னேன். பாதிதான் வந்தது. வெளியிலிருந்து வீட்டுக்காரர், "உள்ள இருக்கறது நீ. லைட்ட நான் எப்படி ஆஃப் பண்றது?" என்றார்.

ஒரு நாளைக்கு இருநூறு முறையாவது சொல்லும் வார்த்தை அது. பயிற்சிப் பள்ளியில் ஒன்பது வருடமாக இதுதான் என் முறை. கற்றுக்கொள்பவர் முன்னால் ஓட்டுவார், நான் என் வண்டியில் பின்னால் போவேன். என் ஹெல்மெட்டில் மைக், அவர் ஹெல்மெட்டில் ஸ்பீக்கர். கார் என்றால் திரும்பி முடித்ததும் இண்டிகேட்டர் தானாக அணைந்துவிடும். மோட்டார் சைக்கிளுக்கு அந்தப் புத்தி கிடையாது. கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்க வேண்டும். அந்த ஒரு அமுக்குக்காகத்தான் என் தொண்டை தேய்கிறது.

நேற்று லைசென்ஸ் பரீட்சையில், என்னிடம் கற்றுக்கொள்ளும் நர்ஸ் அக்கா இரண்டாவது முறையும் ஃபெயில். முதல் முறையும் இதே காரணம்தான். தபால் நிலையத்தில் இடப்பக்கம் திரும்பினார், அழகாகத்தான் திரும்பினார். இண்டிகேட்டரை அணைக்காமல் பெட்ரோல் பங்க் வரை போயிருக்கிறார். பரீட்சை அதிகாரி பின்னாலேயே வருவார். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்வதைத் தவிர வாயைத் திறக்க மாட்டார். சீட்டில் "தவறான சைகை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அக்காவுக்கு ஐம்பத்தொன்று, என்னைவிட ஆறு வயது மூத்தவர். இருபத்தேழு வருடம் பிரசவ வார்டில் நின்ற கால். ஆற்றுக்கு அந்தப் பக்கமுள்ள குடியிருப்புகளுக்கு, குழந்தை பிறந்த வீடுகளைத் தேடிப் போய்ப் பார்க்கும் வேலையை ஆறு வருடமாகக் கேட்டுக் கேட்டு இப்போதுதான் கொடுத்திருக்கிறார்கள். அங்கே வேன் போகாது, பாதை அப்படி. மாதக் கடைசிக்குள் லைசென்ஸைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் வேறொருவருக்குப் போய்விடும். பரீட்சைக்கு இன்னும் ஒரே ஒரு தேதிதான் இருக்கிறது: 20, வெள்ளி.

"வார்டுல ஒரு குழந்தைய ரெண்டு நாள் பார்ப்பேன் டீச்சர். அப்புறம் அது யாரோ, நான் யாரோ. வீட்டுக்குப் போனா அது குப்புற விழறது, உக்கார்றது எல்லாம் பார்க்கலாம்ல" என்று முதல் நாளே சொன்னவர்.

நேற்று நான் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். "கவனம் பத்தலக்கா. எத்தனை தடவ சொல்றது?" என்றேன். கூட அவருடைய மகளும் நின்றிருந்தாள். அக்கா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்ககூட வர்றப்ப ஒரு தடவகூட மறந்ததில்லையே டீச்சர்" என்றார்.

உண்மைதான். என் கூட வந்தால் யாரும் மறப்பதில்லை. அதிகாரியைப் பார்த்ததும் நடுங்குகிறார்கள், அவ்வளவுதான். இருபதாம் தேதிக்குள் அந்த நடுக்கத்தை எடுத்துவிடுவேன்.

மார்ச் 5, வியாழன்

பதினான்கு திருப்பம் உள்ள வழியில் அக்காவைக் கூட்டிப் போனேன். பதினான்குக்குப் பதினான்கு! ஒன்றில்கூட லைட் மிச்சம் நிற்கவில்லை. இதற்கு மேல் ஒரு மனுஷி எப்படி ஓட்டுவது?

தொண்டைதான் சரியில்லை. முதலாளி மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். "உங்க தொண்டைதான் மேடம் நம்ம ஸ்கூலோட போர்டு" என்றார். போர்டில் நிஜமாகவே அப்படித்தான் எழுதியிருக்கிறது: கூடவே வரும் குரல். அதை எழுதியபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது, எதற்குப் பொய்.

மார்ச் 9, திங்கள்

குரல் சுத்தமாகப் போய்விட்டது.

டாக்டரம்மா கண்ணாடிக் குச்சியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்துவிட்டு, பத்து நாள் பேசவே கூடாது என்றார். கிசுகிசுக்கக்கூடக் கூடாதாம், அது இன்னும் மோசமாம். "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். எழுதிக் காட்டினேன். சிரித்தார். "மூச்சு விடலாம். அதுக்குத் தடையில்ல."

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் இரும்புச் சத்தத்தில் இருப்பவர். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இத ஃப்ரேம் போடணும்" என்றார்.

முதலாளிக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது. "பேசாத டீச்சர வச்சு நான் எந்தப் போர்ட மாட்றது?" என் ஆட்களையெல்லாம் மற்ற ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். நர்ஸ் அக்கா மட்டும் மாற மாட்டேன் என்றாராம். "பேசலன்னா என்ன? பின்னாடி வந்தா போதும்."

மார்ச் 10, செவ்வாய்

"குழம்பில் உப்பு இல்லை" என்று வீட்டுக்காரரிடம் எழுதிக் காட்டினேன். "இருக்கு" என்றார். இதற்கு எத்தனை சீட்டு எழுதுவது? சாப்பிட்டுவிட்டேன்.

மார்ச் 11, புதன்

எழுதக் கை கூசுகிறது. ஆனால் எழுதாமல் விட்டால் நாளைக்கே இதற்கு ஒரு சாக்குக் கண்டுபிடித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

மருந்துக்கடைக்கு வண்டியில் போனேன். தனியாக. கூட யாரும் இல்லை. சிக்னலில் நின்றபோது பின்னால் இருந்த லாரிக்காரர் தலையை வெளியே நீட்டினார். "அம்மா! எப்பத்தான் திரும்பறதா உத்தேசம்? ரெண்டு தெருவா நானும் வழி விட்டுட்டே வர்றேன்!"

குனிந்து பார்த்தேன். மஞ்சள் விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. எனக்கு! ஒன்பது வருட டீச்சருக்கு!

சுவிட்ச் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். ஓரமாக நிறுத்தி அமுக்கிப் பார்த்தேன். அணைந்தது. போட்டேன், எரிந்தது. அமுக்கினேன், அணைந்தது. சுவிட்சில் ஒரு குறையும் இல்லை. சரி, தற்செயல் என்று கிளம்பினேன். அடுத்த திருப்பத்திலும் மறந்தேன். அதற்கு அடுத்ததிலும்.

நாலாவது திருப்பத்தில் சத்தமே வராமல் உதட்டை மட்டும் அசைத்தேன், "ஆஃப்" என்று. கட்டைவிரல் உடனே அமுக்கியது. நான் அதை ஏவவில்லை. உதடு சொன்னது, விரல் செய்தது.

அதாவது என் விரலுக்கு என்னைத் தெரியாது. என் வாயைத்தான் தெரியும். பின்னால் போய்க்கொண்டே எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். சொல்லும்போதெல்லாம் என் கையும் அமுக்கியிருக்கிறது. தனியாகப் போகும்போதும் ஹெல்மெட்டுக்குள் முணுமுணுத்திருக்கிறேன் போல. வாய் மூடியதும் கை மரக்கட்டை.

இரவுச் சாப்பாட்டின்போது இதை எழுதிக் கொடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டு வீட்டுக்காரர், "தவளை தன் வாயால கெடும்னு கேட்டிருக்கேன். வாய் இல்லாம கெட்ட தவளைய இப்பதான் பார்க்கறேன்" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் கூடாதாம், தொண்டைக்கு.

சிரித்து முடித்த பிறகுதான் அது தோன்றியது. என் விரலே இப்படியென்றால் என்னிடம் படித்தவர்களின் விரல்?

மார்ச் 12, வியாழன்

பேச முடியாதவளுக்கு நேரம் நிறைய. பள்ளியின் பரீட்சைப் பதிவேட்டை எடுத்து உட்கார்ந்தேன். மூன்று வருடத்தில் என் ஆட்கள் ஃபெயில் ஆனது முப்பத்தொரு பேர். அதில் இண்டிகேட்டரை அணைக்காமல் விட்டவர்கள் இருபத்திரண்டு.

இருபத்திரண்டு.

சாமியாரின் பக்கத்தையும் புரட்டினேன். எங்கள் இன்னொரு ஆசிரியர்தான் சாமியார். காவி கட்டியவர் இல்லை. அதிகம் பேச மாட்டார், அதனால் வைத்த பெயர். மைக்கைத் தேவைக்கு மேல் தொட மாட்டார் என்று முதலாளிக்கு அவர்மேல் எப்போதும் ஒரு குறை உண்டு. அவர் ஆட்கள் ஃபெயில் ஆனதும் என் கணக்குக்குக் குறைவில்லை. பிரேக், வேகம், பள்ளம் பார்க்காதது, எல்லாம் இருக்கிறது. இண்டிகேட்டருக்காக ஒரே ஒருவர்.

அவரிடம் போய் எழுதிக் கேட்டேன்: நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

தேநீரை ஊதிக்கொண்டே சொன்னார். "ஒண்ணும் செய்யறதில்ல. மறந்தா மறக்கட்டும்னு விடுவேன். அப்புறம் ஓரமா நிறுத்தச் சொல்லிக் கேப்பேன்: உங்க வண்டி இப்ப ரோட்டுல போறவங்ககிட்ட என்ன சொல்லிட்டு வருதுன்னு. அவங்களே குனிஞ்சு பார்ப்பாங்க. பத்துத் தடவ வெக்கப்பட்டா பதினோராவது தடவ கை தானா போகும்."

பிறகு என்னைப் பார்த்து, "தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க அளவுக்குப் பேச எனக்கு வராது" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறார். அதுதான் இன்னும் சுட்டது.

அக்காவிடம் நாளை சொல்லிவிட வேண்டும். சொல்லாமலே முறையை மட்டும் மாற்றிவிட்டால் என்ன? யாருக்குத் தெரியப்போகிறது? — இல்லை. "கவனம் பத்தல" என்று மகள் முன்னால் சொன்னது நான்.

மார்ச் 13, வெள்ளி

ஒரு முழுப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். கடைசியில் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டே வரி கொடுத்தேன். "அக்கா, தப்பு உங்கள் கையில் இல்லை, என் வாயில். நான் சொன்னால் அணைக்கப் பழக்கியிருக்கிறேன்; நீங்களாக அணைக்கப் பழக்கவில்லை."

பரவாயில்லை டீச்சர் என்பார் என்று எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. அவர் அப்படிச் சொல்லாதபோதுதான் அது எனக்கே தெரிந்தது.

இரண்டு முறை படித்தார். "ரெண்டு தடவ ஃபெயில் ஆனேன். ரெண்டு தடவையும் வீட்டுக்குப் போய் எனக்கு வயசாயிடுச்சுன்னு அழுதேன். ஞாபகம் போகுதோன்னு ரத்தம்கூட டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன், தெரியுமா உங்களுக்கு?"

தலையை ஆட்டினேன். தெரியாது.

"எம்பொண்ணு இப்பல்லாம் கேஸ மூடினியாம்மா, கேஸ மூடினியாம்மான்னு தினம் கேக்கறா."

சீட்டையும் பேனாவையும் கீழே வைத்தேன். கும்பிட்டேன். நாடகம் மாதிரி இருந்திருக்கும், ஆனால் வேறென்ன செய்வது.

அக்கா நடந்து வாசல் வரை போனார். போய்விட்டார் என்றே நினைத்தேன். திரும்பி வந்து ஹெல்மெட்டை எடுத்தார். "ஏழு நாள் இருக்கு. கோவத்த அதுக்கப்புறம் வச்சுக்கறேன். வாங்க. வாயத் தொறக்காதீங்க."

மார்ச் 14, சனி

பதினான்கு திருப்பத்தில் ஒன்பது மறதி.

கிடங்குத் தெருவில், ஆள் நடமாட்டம் குறைந்த இடமாகப் பார்த்துத்தான் கூட்டிப் போனேன். ஒவ்வொரு மறதிக்கும் நூறடி விட்டு ஹார்ன் அடிப்பேன்; ஓரமாக நிறுத்துவார்; நான் அவர் வண்டியைக் காட்டுவேன். குனிந்து பார்த்து நாக்கைக் கடிப்பார். ஐந்தாவது தடவை, "கொஞ்சம் முணுமுணுத்தாவது தொலைங்களேன்!" என்று கத்தினார். எனக்கும் ஆசைதான்.

ஏழாவதில், நான் ஹார்னில் கை வைப்பதற்குள் கிடங்கின் வாசலிலிருந்து ஒரு வேன் மூக்கை நீட்டியது. அக்காவின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே திரும்பப் போகிறார் என்று வேன்காரன் நம்பிவிட்டான். நான் ஹார்னை அழுத்திப் பிடித்தேன். அக்காவும் அதே நேரம் பிரேக் போட்டுவிட்டார். இடையில் ஒரு ஆள் படுக்கும் இடம்.

வேன்காரன் கண்ணாடியை இறக்கினான். "நீங்கதானேம்மா இந்தப் பக்கம் வரேன்னு லைட் போட்டீங்க?" திட்டவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டான்.

அக்கா ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பாட்டிலை மூடிவிட்டு, "அவன் என்னைய நம்பினான் டீச்சர்" என்றார். "இத்தன நாளா நான் உங்களுக்காகத்தான் அணைச்சிட்டிருந்தேன். ரோட்டுல இருக்கறவனுக்காக இல்ல."

நான் ஒன்பது வருடமாகச் சொல்லாத பாடம். இனி அந்தத் தெருவுக்குப் போகக் கூடாது. மைதானத்தைச் சுற்றியுள்ள பாதை போதும்.

மார்ச் 16, திங்கள்

அக்காவுக்கு மறதி ஐந்து. எனக்கு இரண்டு. ஆமாம், நானும் எண்ணிக்கொண்டுதான் வருகிறேன். அக்கா கேட்டார், இரண்டு விரலைக் காட்டினேன். ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

மார்ச் 17, செவ்வாய்

அக்காவுக்கு இரண்டு. எனக்கு ஒன்றுமில்லை.

முதலாளி கூப்பிட்டு விட்டார். "மேடம், வெள்ளிக்கிழமையிலேர்ந்து பேசலாம்ல? பேச ஆரம்பிச்சதும் பழையபடிதானே?" பதிவேட்டை அவர் முன்னால் விரித்து இருபத்திரண்டையும் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஃபெயில் ஆனவங்க திரும்ப நம்மகிட்டதான வந்தாங்க" என்றார். கெட்டவர் இல்லை. ஆனால் அந்த வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாரும் திரும்பி வரவில்லை என்று எழுதிக் காட்டினேன். அதற்குள் போன் அடித்தது, எடுத்துக்கொண்டார்.

மார்ச் 19, வியாழன்

டாக்டரம்மா "பேசுங்க" என்றார். முதலில் என்ன சொல்வது என்று தெரியாமல் "நன்றி" என்றேன். யாருடைய குரலோ போல இருந்தது.

மாலையில் அக்காவுடன் கடைசி ஓட்டம். ஹெல்மெட்டில் மைக் இருந்தது, குரலும் இருந்தது. பத்தாவது திருப்பம் முடிந்தது. விளக்கு அணையவில்லை. ஒரு நொடி. இரண்டு. வார்த்தை நாக்கின் நுனியில் வந்து நின்றது. நாளைக்குப் பரீட்சை, இன்று ஒரே ஒரு முறை சொன்னால் என்ன குடியா முழுகிவிடும்? நாக்கைப் பல்லுக்கு இடையில் வைத்துக் கடித்தேன். பொய்யில்லை, இன்னும் எரிகிறது. மூன்று. நான்கு.

அணைந்தது.

நிறுத்தியதும் அக்கா திரும்பி, "பேச வருதுல்ல உங்களுக்கு இப்ப?" என்றார்.

"வருது."

"அப்ப ஏன் சொல்லல?"

"நாளைக்கு உங்க பின்னாடி நான் வர மாட்டேனே அக்கா."

"நல்லா வந்து வாய்ச்சீங்க எனக்கு" என்று சொல்லி முதுகில் ஒன்று வைத்தார். வலித்தது.

மார்ச் 20, வெள்ளி

பாஸ்.

சும்மா வரவில்லை. பரீட்சை அலுவலக வாசலில் நாற்பது நிமிடம் நின்றேன், பக்கத்தில் அக்காவின் மகள். அவள் என்னிடம் பேசவில்லை. அதில் அவளுக்கு நியாயம் இருக்கிறது. அக்காவின் வண்டியும் அதிகாரியின் வண்டியும் வளைந்து உள்ளே வந்தபோது முதலில் நான் பார்த்தது அக்காவின் முகத்தை இல்லை, விளக்கைத்தான். அணைந்திருந்தது.

அதிகாரி சீட்டை எழுதிக்கொண்டே சொன்னார். "தபால் ஆபீஸ் தாண்டி லைட் எரிஞ்சுட்டு இருந்துச்சு. பாதி வழியில நீங்களே பார்த்து அணைச்சீங்க. அது சின்னப் பிழை, எழுதியிருக்கேன். மறக்காத ஆள் உலகத்துல கிடையாதும்மா. யாரும் சொல்லாம கண்டுபிடிக்கறாங்களான்னுதான் பார்ப்போம்."

இந்த மனிதரைத்தான் இரண்டு வருடமாகக் கறார் பேர்வழி என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்கா மகளிடம் சீட்டை நீட்டினார். "படி. சத்தமா படி. இனிமே கேஸ் மூடினியான்னு கேட்ட, பாரு!" அவள் சிரித்து, அழுது, அம்மாவின் ஹெல்மெட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

என்னிடம் அக்கா, "உங்க மேல கோவம் பாக்கி இருக்கு, மறக்கல" என்றார். "ஆத்துக்கு அந்தாண்ட ஒரு நாள் வாங்க, அங்க வச்சுத் திட்டறேன்."

மார்ச் 22, ஞாயிறு

நாளைக்குப் புதிதாக இருவர் வருகிறார்கள். மைக் அவசரத்துக்கு மட்டும். ஆபத்து என்றால் கத்துவேன், மற்றபடி கேள்வி மட்டும்தான் என்று முதலாளியிடம் நேற்றே சொல்லிவிட்டேன். போர்டை என்ன செய்வது என்று கேட்டார். பெயின்ட் இருக்கிறதே என்றேன். முணுமுணுத்தார், ஆனால் மறுக்கவில்லை. ஒன்பது வருட ஆளை அவ்வளவு சுலபமாக விட முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வண்டியில் என் விரல் இப்போது தானாகப் போகிறது. வாய் சும்மா இருக்கிறது. பாட்டுக்கூடப் பாடிப் பார்த்தேன். பாட்டுக்கு நடுவிலும் அமுக்கியது.

மத்தியானம் பள்ளிக்குப் போய்ப் பதிவேட்டிலிருந்து பெயர்களை ஒரு தாளில் எடுத்து எழுதினேன். இருபத்திரண்டில் பதினைந்து பேர் பிறகு எப்படியோ பாஸ் ஆகிவிட்டார்கள், நர்ஸ் அக்காவையும் சேர்த்து. ஏழு பேர் திரும்பி வரவே இல்லை. முதல் பெயர் ஒரு தையல்காரம்மா. மூன்று முறை ஃபெயில். கடைகளுக்குத் துணி கொண்டுபோய்க் கொடுக்க வண்டி வாங்கியிருந்தார். "சிலருக்கு இது வராதுங்க, விட்டுருங்க" என்று அவரிடம் நான் சொன்னேன். எவ்வளவு தன்மையாகச் சொன்னேன் என்பதுகூட நினைவிருக்கிறது. அவரும் தலையாட்டினார். வண்டியை விற்றுவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

விலாசம் பதிவேட்டில் இருக்கிறது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடி வீடு.

நாளை வேலைக்குப் போகும் முன் அங்கே போகிறேன். உங்களுக்கு வரும், எனக்குத்தான் சொல்லித்தர வரவில்லை என்று சொல்லப்போகிறேன். என் வண்டியிலேயே, ஞாயிற்றுக்கிழமைகளில், காசில்லாமல் கற்றுத்தருவேன். அவர் கதவைச் சாத்தினால் அடுத்த ஞாயிறு இரண்டாவது பெயர். ஏழு பேர். நாலு பேராவது திட்டுவார்கள். திட்டட்டும், பத்து நாள் வாய் மூடிக் கேட்டுப் பழகியிருக்கிறேன்.

முதலாளிக்குத் தெரிந்தால் குதிப்பார். வீட்டுக்காரர் பக்கத்து அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு, "நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்பற?" என்று கேட்கிறார்.

"ஏழுக்கு" என்றேன். பெயர்கள் எழுதிய தாளை மடித்து ஹெல்மெட்டுக்குள் வைத்தேன்.